தேய்ந்த காசும் சாய்ந்த ஒளியும்

பழவேற்காட்டு ஏரியைச் சார்ந்த ஊர்களுள் சுண்ணாம்புக்குளம் என்பதும் ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு அண்மையில் உள்ளது. மீனும் இறாலும் நண்டும் அப்பகுதி மக்களின் பிழைப்பு. கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது கடற்கரையோரத்தின் பழந்தொழில். ஊர்ப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அத்தொழிலே நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு நாம் அவ்வூருக்குச் சென்றது மீனுக்காகவும் அன்று, சுண்ணாம்புக்காகவும் அன்று. ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டிக்காக.

நம்மிடம் முன்பு அரபு ஓதிய மாணவர் ஒருவரின் பாட்டனார் கருவாட்டு வணிகர். கொடுக்கல் வாங்கலில் கைக்கு வந்த பழங்காசுகளை எல்லாம் செலவழியாத பணமென்று தூக்கியெறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வைத்தவர். அப்பெட்டி மகனுக்கு வந்து, மகனும் மறைந்தபின் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் பொதுவாயிற்று. பாகம் பிரிக்க வேண்டிய நாள் நெருங்கியது. நிலத்தைப் பிரித்தால் பத்திரம் இருக்கும். காசுகளைப் பிரித்தால் நான்கு வீடுகளில் நான்கு கைகளுக்குப் போய், அடுத்த தலைமுறையில் எது எங்கே என்று சொல்ல ஆளிராது. பிரிப்பதற்கு முன்பு அத்தனைக்கும் படம் எடுத்து வைத்துவிட வேண்டும், அரபு எழுத்துள்ளவற்றை நாம் படித்துச் சொல்ல வேண்டும் என்பது மாணவரின் விருப்பம். எண்ணிப் பார்த்தோம், 340 காசுகள் இருந்தன. நமக்குக் கிடைத்தவை இரண்டு நாள்கள்.

பெட்டியில் பெரும்பாலானவை செம்பு. ஒல்லாந்தர் கம்பெனியின் குறியான வீ என்னும் எழுத்தும், அதன் இரு கைகளிலும் கோத்த ஓவும் சீயும் சிலவற்றில் நன்கு தெரிந்தன. இதில் வியப்பில்லை. 1610இல் பழவேற்காட்டில் கால்பதித்த ஒல்லாந்தர் 1613இல் அங்குக் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி முடித்தனர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். அங்கே அவர்களுக்கு அக்கசாலையும் இருந்தது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் காலத்தவை சில. இங்கிலாந்துக் கம்பெனியின் காசுகள் பல. இவை தவிர, எந்த அரசருடையவை என்று பார்த்தவுடன் சொல்ல இயலாத, அரபு எழுத்தின் கோடுகள் மட்டும் தென்பட்ட தேய்ந்த சிறு காசுகள் அறுபது.

முதல் நாள் காலை நாம் செய்ததெல்லாம் பிழை. கூடத்தில் குழல் விளக்கை ஏற்றி, வெள்ளைத் துணியின் மேல் காசுகளைப் பரப்பி, செல்பேசியை மேலே பிடித்து வரிசையாக எடுத்தோம். செல்பேசியின் நிழலே காசின் மேல் விழுந்தது. நிழலைத் தவிர்த்து எடுத்தால், கண்ணுக்குத் தெரிந்த எழுத்து படத்தில் இல்லை. மொழுமொழுவென்று ஒரு வட்டம் மட்டும் இருந்தது. மாணவரின் தம்பி ஆர்வத்தோடு, “கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்துவிட்டால் பளிச்சென்று விழுமே, ஹஜ்ரத்!” என்றார். நாம் வாளாவிருந்தோம். வாளாவிருந்தது சம்மதமாகக் கொள்ளப்பட்டது. நாம் லுஹருக்குச் சென்று திரும்புவதற்குள் பதினொரு காசுகள் புதுச்செம்பாய்ப் பளபளத்தன. நூற்றாண்டுகளாய்ப் படிந்த களிம்பு போயிற்று. களிம்போடு ஒட்டியிருந்த எழுத்தின் விளிம்பும் போயிற்று. பளபளத்த காசுகள் படத்தில் முன்னிலும் மோசமாக விழுந்தன. விளக்கின் வெண்மை அப்படியே திரும்பி வந்து எழுத்தை விழுங்கிவிட்டது.

அன்று பிற்பகல்தான், ஓதியும் ஓதுவித்தும் மறந்துபோயிருந்த ஒரு நூல் நினைவுக்கு வந்தது.

பஸராவில் 965இல் பிறந்து, ஏறத்தாழ 1040இல் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், ஒளியையும் பார்வையையும் பற்றிக் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் நூலை ஏழு பாகங்களாக எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று யவன அறிஞர் சிலர் கொண்டிருந்த கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியவர் அவர் என்பதை நம் ஏடுகள் பலமுறை எழுதிவிட்டன. அந்நூலின் முதற்பாகத்தில் அவர் மிக எளிய சில அனுபவங்களைத் தொகுத்துக் கூறும் இடத்தை எவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நுண்ணிய செதுக்கல் உள்ள பொருளை மங்கிய இடத்தில் வைத்தால் செதுக்கல் கண்ணுக்குப் புலனாகாது. போதிய வெளிச்சத்தில் வைத்தால் புலனாகும். ஆயின் வெளிச்சம் மிகுந்தால் எல்லாம் விளங்கிவிடும் என்றும் அவர் சொல்லவில்லை. மெருகேறிய பரப்பிலிருந்து வலிய ஒளி நேரே கண்ணுக்குத் திரும்புமானால், அப்பரப்பின் மேலுள்ள எழுத்தும் செதுக்கலும் மறைகின்றன. பொருளைச் சற்றே சாய்த்து, திரும்பும் ஒளி வேறு பக்கம் போகும்படிச் செய்தால் மறைந்தவை வெளிப்படுகின்றன. இதுதான் அவர் கூற்றின் சாரம். புளி போட்டுத் தேய்த்த நம் பதினொரு காசுகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த விளக்கம் இது.

அந்நூல் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் லத்தீனில் பெயர்க்கப்பெற்றது. 1572இல் பிரெடரிக் ரிஸ்னர் அதைப் பாஸல் நகரில் அச்சிட்டார். கிழக்கே, கமாலுத்தீன் அல்ஃபாரிஸி ‘தன்கீஹுல் மனாளிர்’ என்று அதற்கு ஒரு திருத்த விரிவுரை எழுதினார். அவ்வுரை நம் நாட்டிலேயே, ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில், ஹிஜ்ரி 1347-48இல் இரண்டு தொகுதிகளாக அச்சாயிற்று. நாம் இளமையில் புரட்டிப் பார்த்தது அதைத்தான். மூல நூலின் முதல் மூன்று பாகங்களை அப்துல் ஹமீத் ஸப்ரா செம்மையாகப் பதிப்பித்தது 1983இல், குவைத்தில்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிடுதல் நலம். ‘கேமரா’ என்னும் சொல்லே அரபு மொழியிலிருந்து வந்தது, இப்னுல் ஹைதம் இட்ட பெயர் அது என்று நம்மவர் சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். அது தவறு. அறை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. அதன் வேர் யவன மொழியில் உள்ளது. இப்னுல் ஹைதம் தம் இருட்டறைக்கு இட்ட பெயர் ‘அல்பைத்துல் முள்லிம்’ என்பதாகும். இரவல் பெருமை அவருக்குத் தேவையில்லை.

இனி, படத்திற்கு வருவோம். ஒளியைத் தாளில் நிலைக்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவரான இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக ‘இயற்கையின் பென்சில்’ என்னும் நூலை வெளியிட்டார். ஒட்டப்பெற்ற படங்கள் 24. அவற்றுள் ஒன்று அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான் பாத்திரங்கள். இன்னொன்று ஒரு பழைய அச்சு நூலின் பக்கம். ஒரு சேகரத்தின் பொருள்களை ஒவ்வொன்றாக எழுதிப் பட்டியலிடும் நேரத்தில் முழுவதையும் படமாக்கிவிடலாம் என்றும், திருடன் கொண்டுபோய்விட்டால் அப்படம் வழக்கு மன்றத்தில் ஊமைச் சாட்சியாக நிற்கக்கூடும் என்றும் அவர் கருத்துரைத்திருக்கிறார். சாட்சி என்ற சொல்லை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

டால்பட்டுக்கு இருந்த விளக்கு சூரியன் ஒன்றே. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பணிபுரிந்த லின்னேயஸ் டிரைப்புக்கும் அவ்வாறே. 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 துண்டுகளாகப் படமெடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டவைத்தார். கல்லில் வெட்டிய எழுத்துக்கு நிறமில்லை. கல்லும் கருமை, பள்ளமும் கருமை. பள்ளத்தின் ஒரு விளிம்பில் வெயிலும் மறு விளிம்பில் நிழலும் விழுந்தால்தான் எழுத்து உண்டு. வெயில் நேரே முகத்தில் அடித்தால் எழுத்து இல்லை. வைகறையிலும் மாலையிலும் கல்வெட்டைத் தேடிப் போகும் தமிழறிஞர்கள் இதை அறிவார்கள்.

அதே ஆண்டில் டிரைப் சென்னை அருங்காட்சியகத்தில் படமெடுத்தவை அமராவதிச் சிற்பங்கள். அவை வால்டர் எலியட் கொண்டுவந்தமையால் எலியட் சலவைக்கற்கள் என்றே அன்று அழைக்கப்பெற்றன. சென்னை அரசுப் பணியில் இருந்த அதே எலியட்தான் தென்னாட்டுக் காசுகளையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர். தாயகம் திரும்பிப் பல ஆண்டு கழித்து, பார்வை பெரிதும் மங்கிய முதுமையில், ‘தென்னிந்திய நாணயங்கள்’ என்னும் நூலை 1880களின் நடுவில் வெளியிட்டார். 1887இல் காலமானார். தேய்ந்த காசின் எழுத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த ஒருவர், அவற்றைப் பற்றிய நூலைப் பிறர் கண்களின் துணைகொண்டு முடிக்க நேர்ந்தது.

சூரியனுக்கு மாற்றாக முதலில் வந்த வலிய செயற்கை விளக்குகளுள் ஒன்று சுண்ணாம்பாலானது என்பதைச் சுண்ணாம்புக்குளத்து அன்பர்களுக்குச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் கலந்தெரியும் சுடரில் ஒரு சுண்ணாம்புத் துண்டைக் காய்ச்சினால் அது கண்கூசும் வெள்ளொளியை உமிழும். 1820களில் அயர்லாந்தின் நில அளவையில் தாமஸ் டிரம்மண்டு அதைப் பயன்படுத்தினார். பின்னர் நாடக மேடைகளிலும் படவிளக்குகளிலும் அது நெடுங்காலம் எரிந்தது. மின்விளக்கு வந்து அதை அணைத்தது.

காசுகளைப் படமெடுத்தவர்கள் நம்மைப் போலவே இடர்ப்பட்டனர். வெள்ளியும் பொன்னும் ஒளியைத் திருப்பி அடித்தன. செம்பு ஒளியைக் குடித்தது. அவர்கள் கண்ட வழி, காசை விட்டுவிட்டுக் காசின் அச்சைப் படமெடுப்பது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்னும் வெண்மாவைக் குழைத்து வார்ப்பு எடுத்தால், எல்லாக் காசுகளும் ஒரே வெண்மையும் மங்கலும் உடையனவாகிவிடும். மெருகு இல்லை, களிம்பு இல்லை. மேடும் பள்ளமும் மட்டுமே. ஒரு பக்க விளக்கொளியில் அவை அழகாக விழும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயப் பட்டியல்களில் இம்முறை நெடுங்காலம் வழங்கியது. ஸ்டான்லி லேன்பூல் 1875 முதல் 1890 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கீழை நாட்டு நாணயப் பட்டியலைப் பார்த்தவர்கள், அதன் படத்தாள்கள் எத்துணைப் பேருதவி என்பதை அறிவார்கள். உலோகத்தின் நிறம் தெரியாது என்ற குறை உண்டுதான். ஆயின் எழுத்தைப் படிக்க விழைபவனுக்கு நிறம் எதற்கு?

எழுத்தைப் படிப்பதில் என்ன இருக்கிறது, அரை அங்குலச் செம்பில் ஒரு புள்ளி தெரிந்தாலென்ன, தெரியாவிட்டாலென்ன என்று கேட்போருக்கு மதுரை சுல்தான்களின் வரலாற்றைக் காட்ட விரும்புகிறோம்.

ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா டில்லியின் ஆட்சியிலிருந்து பிரிந்து, 1330களில் மஅபரில், அதாவது மதுரையைத் தலைமையாகக் கொண்ட தமிழகப் பகுதியில், தனியரசு நிறுவினார். அவருடைய மகளை மணந்தவர் பயணி இப்னு பதூதா. இன்னொரு மகளை மணந்தவர் பின்னாளில் மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி. ஆகவே இப்னு பதூதா மதுரைக்கு வந்தது உறவு முறையில். அவருடைய பயண நூல் கியாஸுத்தீனுக்குப் பின் வந்த நாஸிருத்தீன் வரையில் நமக்குச் செய்தி தருகிறது. அதோடு அந்த விளக்கு அணைந்துவிடுகிறது. பிறகு ஆண்ட ஆதில் ஷா, பக்ருத்தீன் முபாரக் ஷா, அலாவுத்தீன் ஸிகந்தர் ஷா ஆகிய மூவரும் இருந்தார்கள் என்பதே காசுகளால்தான் தெரிகிறது. சி. ஜே. ராட்ஜர்ஸ் 1895இலும், சென்னையில் அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்த ஹுல்ஷ் 1909இலும் இக்காசுகளைப் பற்றி எழுதினர். விஜயநகரத்துக் குமார கம்பணரின் படையெடுப்பால் இவ்வரசு வீழ்ந்தது. திருவரங்கத்துத் திருமேனி மீண்டதைக் கூறும் சக ஆண்டு 1293, அதாவது 1371ஆம் ஆண்டுக் கல்வெட்டை அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் ஸிகந்தர் ஷாவின் பெயரில் ஹிஜ்ரி 779 வரை ஆண்டிட்ட காசுகள் கிடைத்துள்ளன. அது 1377-78. வீழ்ந்ததாகக் கருதப்படும் அரசு மேலும் ஆறேழு ஆண்டு எங்கோ ஒரு மூலையில் காசு அடித்துக்கொண்டிருந்தது என்று பொருள். இதை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைக்கவில்லை. செம்புக் காசு சொல்கிறது.

இங்கேதான் அரபு எழுத்தின் ஒரு நுட்பம் வருகிறது. ஏழு என்பது ‘ஸப்உ’. ஒன்பது என்பது ‘திஸ்உ’. புள்ளிகளோடு எழுதினால் இரண்டும் வேறு. காசு வெட்டுபவன் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. புள்ளி இல்லையேல், ஏழுக்கும் ஒன்பதுக்கும் ஐனுக்கு முன்னால் நான்கு பற்கள், உருவம் ஒன்றே. எழுபதும் தொண்ணூறும் அவ்வாறே. எழுநூற்று எழுபத்தொன்பது என்பதைச் சொல்லால், புள்ளியின்றி எழுதிப் பாருங்கள். நூற்றிடம் ஏழு என்று வேறு வகையில் தெரிந்திருந்தாலும், அதை 777 என்றும் 779 என்றும் 797 என்றும் 799 என்றும் படிக்கலாம். நல்ல கைவினைஞன் இதை உணர்ந்து, சீனின் மூன்று பற்களிலிருந்து வேறுபடுத்த, பாவின் பல்லையோ தாவின் பல்லையோ ஒரு மயிரளவு நீட்டி வெட்டுவான். நீண்ட பல் கடைசியில் இருந்தால் ஏழு. முதலில் இருந்தால் ஒன்பது. இருபத்திரண்டு ஆண்டுகளின் வேறுபாடு ஒரு மயிரளவில் நிற்கிறது. தேய்ந்த காசில் அந்த மயிரளவைக் காட்டுவதும் மறைப்பதும் விளக்கு நிற்கும் இடம்.

நிமிர்ந்து நிற்கும் பற்களுக்கு ஒளி மேலிருந்து, அதாவது பற்களின் நீளவாக்கிலேயே, வந்தால் அவற்றின் பக்கங்களில் நிழல் விழாது. நான்கு பற்களும் ஒரு மேடாகக் கூடிவிடும். ஒளி இடப்பக்கமிருந்தோ வலப்பக்கமிருந்தோ தாழ வந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நிழல்; நான்கும் தனித்தனியே எழுந்து நிற்கும். அந்த ஒளியிலோ, கிடையாகக் கிடக்கும் நீட்டெழுத்துகள் மங்கும். ஆகவே ஒரு திசை ஒளியில் எடுத்த படம் பாதிச் சாட்சி. அந்தப் பாதியும், ஒளி எத்திசையிலிருந்து வந்தது என்று குறித்து வைத்தால்தான் மதிப்புப் பெறும். அறிவிப்பாளர் தொடரை ஆராயாமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை என்பது நாம் பயின்ற கல்வி. படத்திற்கும் அவ்வாறு கேட்கலாம் என்று நாம் அதுவரை எண்ணியதில்லை.

கண்ணால் காண முடியாததையும் ஒளி காட்டும். சாக்கடலருகே குகைகளில் 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட தோல்சுருள்கள் ஆயிரக்கணக்கான துணுக்குகளாக ஜெரூசலத்தின் பாலஸ்தீனத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் குவிந்தன. காலத்தால் தோலும் கறுத்துவிட்டது, மையும் கறுப்பு. அவ்வருங்காட்சியகத்தின் புகைப்படக்காரரான நஜீப் அல்பினா என்னும் பாலஸ்தீன அரபியர், அகச்சிவப்பு ஒளியை வாங்கும் படச்சுருளில் அவற்றை எடுத்தார். கறுத்த தோல் அவ்வொளியைத் திருப்பிவிடுகிறது. கரியாலான மை அதை விழுங்கிவிடுகிறது. கறுப்பின் மேலிருந்த கறுப்பு, வெளுப்பின் மேல் கறுப்பாயிற்று. 1750க்கு மேற்பட்ட படத்தகடுகள் அங்கு உருவாயின. பின்னர் அத்துணுக்குகள் மேலும் சிதைந்தன. இன்று அறிஞர்கள் பல இடங்களில் தோலை விட அல்பினாவின் படத்தையே நம்பிப் படிக்கின்றனர்.

நம் பக்கத்து ஓலைச்சுவடிக்கும் இது பொருந்தும். எழுத்தாணியால் கீறிய ஓலையில் மை தடவியிருந்தால் எளிது. மை தடவாத ஓலைக்குக் காசுக்குப் போலவே பக்கவொளி வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனமும் பிறவும் காத்துவரும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. நம் வீடுகளில் பரணில் கிடக்கும் அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. பேசினால் இக்கட்டுரை முடியாது. ஒன்று மட்டும்: அவை காகிதம். காகிதத்திற்குப் பக்கவொளி கூடாது. ஒவ்வொரு சுருக்கமும் மலையாகத் தெரியும். இரு பக்கமும் ஒரே வகை விளக்கை ஒரே தொலைவில், பாதிச் சாய்வில் வைக்க வேண்டும். நடுவில் ஒரு பென்சிலை நிறுத்திப் பார்த்தால், இரு பக்கமும் விழும் நிழல்கள் நீளத்திலும் கருமையிலும் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருந்தால் விளக்குகள் சமம்.

முதல் நாள் அஸருக்குப் பின் சுண்ணாம்புக்குளத்தில் நாம் புதிதாய்த் தொடங்கினோம். குழல் விளக்கை அணைத்தோம், சன்னலைச் சாத்தினோம். செங்கற்களை இரண்டு அடுக்காக வைத்து, அவற்றின் மேல் துளையிட்ட பலகை ஒன்றை இட்டு, செல்பேசியைத் துளையின் மேல் படுக்கவைத்தோம். இனி அது அசையாது. கீழே கறுப்புத் துணி. அதன் மேல் தீப்பெட்டிகளால் உயர்த்திய சிறு கண்ணாடித் துண்டு. கண்ணாடியின் மேல் காசு. காசின் நிழல் கண்ணாடியைக் கடந்து எட்டவுள்ள துணியில் விழுந்து மறைந்துவிடுவதால் விளிம்பு தெளிவாகிறது. பிள்ளைகள் படிக்கும் மேசை விளக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. அதைக் காசின் மட்டத்திற்குச் சற்றே மேலாக, மிகத் தாழ, இடப்பக்க மேல்மூலையில் வைத்தோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தியதும் நிழலின் கடுமை தணிந்தது. விளக்கு படத்தின் கீழ்ப்பக்கமிருந்து வந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எண்ணிப் பழகியது மனிதக் கண். எடுத்த படத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தே எவரும் இதைச் சோதிக்கலாம்.

புளியில் தேய்த்தவற்றுக்கு வேறு வழி. காசுக்கும் செல்பேசிக்கும் இடையே ஒரு கண்ணாடித் தகட்டைப் பாதிச் சாய்வில் நிறுத்தி, பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டினால், தகடு ஒளியில் ஒரு பங்கைச் செங்குத்தாகக் காசின் மேல் இறக்கும். மட்டமான இடமெல்லாம் வெண்மையாய்ப் பளிச்சிட, எழுத்தின் சரிவுகள் மட்டும் கறுத்து நிற்கும். மெருகை மறைக்கப் போராடாமல் மெருகையே வேலைவாங்கும் முறை இது.

கணக்கும் போட வேண்டியிருந்தது. 340 காசுக்கு இரு பக்கம், 680 படம். எல்லாவற்றையும் இரு திசை ஒளியில் எடுத்தால் 1360. படத்திற்கு இரண்டு நிமிடம் என்றாலும் 45 மணி நேரம் ஆகும். ஆகவே எல்லாக் காசுக்கும் ஒரே திசை. அரபு எழுத்துடைய அறுபதுக்கு மட்டும் இரண்டாம் திசை என்று முடிவு செய்தோம். இரண்டாம் திசைக்கு விளக்கை நகர்த்தவில்லை. காசையே கால் வட்டம் திருப்பினோம். விளக்கை ஒருமுறை அசைத்தால் பழைய இடத்தில் மீண்டும் வைப்பது அரிது. 800 படங்கள். கை பழகியபின் நிமிடத்திற்கு ஒன்று விழுந்தது. ஒருவர் காசை வைக்க, ஒருவர் எண்ணெழுதிய துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வைக்க, ஒருவர் எடுக்க, நாம் நோட்டில் எழுதினோம்: காசின் எண், பக்கம், ஒளி வந்த திசை.

வசதியுள்ள இடங்களில் இவ்வளவு பாடு இல்லை. ஹியூலெட் பேக்கார்டு ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2001இல் ஒரு முறையை வெளியிட்டனர். கவிழ்த்த கும்பம் போன்ற கூட்டில் பல விளக்குகளைப் பதித்து, ஒவ்வொன்றாக ஏற்றி, பொருளையும் கேமராவையும் அசைக்காமல் பல படங்கள் எடுக்கிறார்கள். கணிப்பொறி அவற்றை ஒன்றாக்கித் தருகிறது. பிறகு திரையின் முன் அமர்ந்தே, விளக்கு எத்திசையிலிருந்து வர வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ அத்திசையிலிருந்து அதை வரச் செய்யலாம். யவனக் கடலில் மூழ்கிக் கிடைத்த அன்டிகிதேரா என்னும் பழங்காலப் பொறியின் எழுத்துகளை 2005இல் இம்முறையால் ஆராய்ந்தனர். இது சாத்தியப்படும் இடங்களில் பாதிச் சாட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. நமக்கு வாய்த்தது செங்கல்லும் பலகையும்.

இரண்டாம் நாள் இரவு படங்களைக் கணிப்பொறித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். வாலாஜா காசுகள் சிலவற்றில் ஆண்டு தெரிந்தது. இரண்டா, மூன்றா என்று நாம் ஐயுற்ற ஓர் எண்ணில், இரண்டாம் திசைப் படம் மட்டும் மூன்றுக்குரிய அந்தச் சிறு கொத்தைக் காட்டியது. முதல் திசைப் படத்தில் அது அடையாளமே இல்லாமல் இருந்தது. தேய்ந்த அறுபதில் பதினேழைப் படிக்க முடிந்தது. ‘அஸ்ஸுல்தான்’ என்னும் சொல் அவற்றுள் இரண்டில் தெளிவு. அவ்விரண்டும் எவருடைய காசு என்பதை, நாணயம் அறிந்தவர்களிடம் படத்தைக் காட்டிய பிறகே சொல்ல வேண்டும். அரபுப் படிப்பு மட்டும் அதற்குப் போதாது.

புளியில் தேய்ந்தவற்றுள் ஒன்றில் ஆண்டைச் சொல்லால் எழுதியிருந்தது. சாய்ந்த கண்ணாடி முறையில் எடுத்தபோது, ‘மிஅத்’ என்னும் நூறு தெரிந்தது. அதற்கு முன்னால் ஐனின் வளைவு தெரிந்தது. அதற்கு முன்னால் பற்கள் இருந்த இடம் மழமழப்பாக இருந்தது. முதல் நாள் காலையில் குழல் விளக்கின் கீழ் நாம் எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்தோம். புளி படுமுன் எடுத்தது அது. அதில் பற்கள் இருந்தன. எத்தனை, எது நீண்டது என்று பிரிக்க முடியாத ஒரே மேடாக இருந்தன.

மாணவரின் தம்பி அப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் அக்காசைத் தம் பங்கில் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். 800 படங்களும் நோட்டின் நகலும் நான்கு வீடுகளிலும் இருக்கின்றன. நோட்டில் அக்காசின் எண் 211, ஒளி, செங்குத்து, பக்கத்தில் நாம் எழுதியிருப்பது, ‘தேய்க்கப்பட்டது’.